பாராமகால் மண்ணின் கணக்கு

ஒரே வயலில் தலைமுறை தலைமுறையாகக் கோதுமை விதைத்தால் மண்ணில் என்ன எஞ்சும் என்று மேலைநாட்டார் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கின்றனர். நம் தருமபுரிச் சீமையில் கோதுமை இல்லை. கேழ்வரகும் சாமையும் கொள்ளும் உண்டு. பயிர் வேறாயினும் வினா ஒன்றே. இம்மண்ணைப் பல அரசுகள் அளந்தன, தரம் பிரித்தன, தீர்வை விதித்தன. அதிலிருந்து எடுத்ததன் கணக்கு ஏடுகளில் நிறைய உண்டு. அதற்குத் திருப்பிக் கொடுத்ததன் கணக்கோ அரிதாகவே கிடைக்கிறது.

தருமபுரி பழைய தகடூர். அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்ததாகப் புறநானூறு கூறுகிறது. ஆனால் இவ்வட்டாரத்தின் இயல்பான வேளாண்மை கரும்பன்று, மானாவாரிப் புன்செயே. பெரும்பகுதி மெல்லிய செம்மண். மக்கிய பொருள் குறைவு. ஆதலின் தழைச்சத்தும் குறைவு. நீரை நெடுநேரம் பிடித்து வைக்கும் ஆற்றலும் இல்லை. இக்குறைகளை அறிந்தே உழவர் தம் முறைகளை வகுத்துக்கொண்டனர். கேழ்வரகின் ஊடே மொச்சையையும் அவரையையும் சால் விட்டு விதைத்தனர். பின்மழைக்குக் கொள்ளு தெளித்தனர். இவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன என்பது அவர்களுக்குத் தெரியாதிருக்கலாம். கொள்ளுக்குப் பின் கேழ்வரகு நன்றாக வரும் என்பது தெரியும். அறுவடைக்குப் பின் ஆட்டுக்கிடை போட்டனர். புழுக்கையோடு சிறுநீரும் வீணாகாமல் வயலிலேயே இறங்கியது. கோடையில் ஏரி வண்டலை வண்டியில் அடித்தனர். செம்மண்ணுக்கு இல்லாத களித்தன்மையை வண்டல் தந்தது. அதன் பின்னும் நிலம் இளைத்தால் ஓரிரு ஆண்டு தரிசாக விட்டனர்.

இத்தகைய அனுபவ அறிவை நூலாக்கியவர்களுள் அந்தலூசிய முஸ்லிம் அறிஞர்கள் முதன்மையானவர்கள். ஹிஜ்ரீ ஐந்தாம் நூற்றாண்டில் துலைதுலா நகரில் வாழ்ந்த இப்னு பஸ்ஸால் மண்ணைப் பத்து வகையாகப் பிரித்து எழுதினார். அடுத்த நூற்றாண்டில் இஷ்பீலியாவின் இப்னுல் அவ்வாம் இயற்றிய ‘கிதாபுல் ஃபிலாஹா’ மண், எரு, பாசனம் ஆகியவற்றிலிருந்து தொடங்கி நூற்றுக்கணக்கான பயிர்களைப் பேசுகிறது. பயறு விளைந்த நிலத்தில் கோதுமை செழிப்பதை அவர்கள் அறிந்திருந்தனர். இந்நூல் 1802இல் மத்ரீதில் ஸ்பானிய மொழிபெயர்ப்போடு அச்சேறியது.

சட்ட அறிஞர்களும் இப்பொருளைத் தொட்டிருக்கின்றனர். ஹிஜ்ரீ 182இல் (கி.பி. 798) மறைந்த இமாம் அபூ யூசுஃப் (ரஹ்), கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ நூலில், நிலப்பரப்பைக் கொண்டு நிலையான வரி விதிப்பதைவிட விளைச்சலில் ஒரு விகிதத்தைப் பெறுவதே நேர்மை என வாதிட்டார். விளையாத ஆண்டிலும் அளந்த நிலத்திற்கு வரி கேட்டால் குடியானவன் நிலத்தை விட்டு ஓடுவான் என்பது அவர் காலத்து ஈராக்கின் பாடம். மழையால் விளைந்ததற்குப் பத்தில் ஒன்றும் இறைத்துப் பாய்ச்சியதற்கு இருபதில் ஒன்றும் என்ற உஷ்ரு விதியும் உழவனின் செலவைக் கருத்தில் கொண்டதே. (உரச் செலவைக் கழிக்கலாமா என்பதில் இக்கால ஃபிக்ஹு அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.)

இனி நம் சீமைக்குத் திரும்புவோம். ஹைதர் அலீ, திப்பு சுல்தான் ஆட்சியில் இது பாராமகால் எனப்பட்டது. திப்புவின் வருவாய் விதிகளை 1792இல் கிரிஸ்ப் என்பார் ஆங்கிலத்தில் வெளியிட்டார். நெடுநாள் தரிசாகக் கிடந்த நிலத்தை உழ முன்வருவோர்க்கு முதலாண்டு வரியின்றியும் பின்னர் படிப்படியாக உயர்த்தியும் நிலம் கொடுக்கும்படி அவ்விதிகள் அதிகாரிகளைப் பணிக்கின்றன. இறந்த நிலத்தை உயிர்ப்பித்தவர்க்கு உரிமை என்னும் ஃபிக்ஹுக் கோட்பாட்டின் சாயலை இங்கே காண்பது மிகையாகாது. திப்புவின் அரசு குடிகளிடம் வரியைக் குறைவாகப் பெற்றது என நாம் சொல்லவரவில்லை. அது போர்க்கால அரசு. எனினும் தரிசு நிலம் உடனே முழுப் பயன் தராது என்பதை அது ஏற்றிருந்தது.

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கம்பெனியின் கைக்குப் போயிற்று. அலெக்சாண்டர் ரீடும், தருமபுரியில் தங்கிப் பணியாற்றிய தாமஸ் மன்றோவும் உழவனோடு நேரே வரி பேசும் ரயத்துவாரி முறையை இங்கேதான் உருவாக்கினர். அவர்கள் தொகுத்த ‘பாராமகால் ஆவணங்கள்’ குடிகள், விளைபொருள்கள், வரிகள் எனப் பலவற்றையும் நுணுக்கமாகப் பதிந்தவை. வரலாற்று மாணவர்க்குப் பொக்கிஷம். வயல்தோறும் மண்ணின் தரம் பார்த்துப் பணத்தில் தீர்வை நிர்ணயித்தனர். ஆனால் தரம் என்பது மாறாத ஒன்றாக ஏட்டில் ஏறிவிட்டது. கட்ட முடியாத வயலை உழவன் விட்டுவிடலாம் என்ற உரிமை இருந்தது. மண் இளைப்பாற விடப்பட்ட தரிசு, இவ்வாறு பணமில்லாமையின் அடையாளமாகவும் ஆயிற்று என்றே கருதுகிறோம். பின்னர் மன்றோவே, தாம் நிர்வகித்த வேறு மாவட்டங்களில் தீர்வையை நான்கில் ஒரு பங்கு குறைக்க வேண்டுமென 1807இல் எழுத நேர்ந்தது.

எருவும் சுருங்கியது. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்திற்குப் பின் காடுகள் காப்புக்காடுகளாயின. மேய்ச்சலும் தழையும் விறகும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. இந்திய வேளாண்மையை ஆராய வந்த வோல்க்கர் என்ற வேதியியலார் 1893இல் வெளியான தம் அறிக்கையில், விறகின்மையால் சாணம் அடுப்பில் எரிகிறது. வயலுக்குப் போக வேண்டிய தழைச்சத்து புகையாகிறது என்பதைச் சுட்டிக்காட்டி, ஊர்தோறும் விறகுக்கும் தீவனத்திற்கும் தனிக்காடு வளர்க்கப் பரிந்துரைத்தார்.

திருப்பிக் கொடுத்ததன் கணக்கை ஆண்டாண்டாக எழுதி வைத்தவை ஆய்வுப் பண்ணைகளே. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டட் பண்ணையில் 1843 முதல் ஒரே வயலில் கோதுமை விளைகிறது. எருவே இடாத பாத்தி இன்றும் எக்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் தருகிறது. மண் செத்துவிடுவதில்லை, வறுமையிலேயே நிலைத்துவிடுகிறது. நம் நாட்டில் கோயம்புத்தூரில் 1909இல் நிரந்தர உரச் சோதனை தொடங்கியது. 1972 முதல் அங்கே நடந்துவரும் நீண்டகாலச் சோதனையில் நம் கேழ்வரகே மக்காச்சோளத்தோடு மாறி மாறிப் பயிராகிறது. தழைச்சத்தை மட்டும் பெற்ற பாத்திகள் பின்தங்கின. தழை, மணி, சாம்பல் மூன்றோடு எக்டருக்குப் பத்து டன் தொழு உரமும் பெற்ற பாத்திகள் விளைச்சலிலும் கரிமச்சத்திலும் முன்னின்றன. கிடை போட்ட நம் முன்னோரும் யூரியா மூட்டை சுமக்கும் நம் காலத்தவரும் இதில் பாதிப் பாதி சரி.

தருமபுரியில் இன்று பல புன்செய்களில் மரவள்ளி நிற்கிறது. கிழங்கு சாம்பல்சத்தை மிகுதியாக எடுத்துச் செல்வது. அதைத் தொடர்ந்து நட்டுவிட்டுத் தழைச்சத்தை மட்டும் இடும் வயலில் இருப்பு கரைகிறது. உழவு மாடுகள் குறைந்ததால் குப்பைமேடும் சிறுத்துவிட்டது. பழைய தருமபுரி மாவட்டத்தின் பகுதியாயிருந்து 2004 முதல் கிருஷ்ணகிரியில் அடங்கும் பையூர் ஆய்வு நிலையம், ‘பையூர் 1’, ‘பையூர் 2’ என்னும் கொள்ளு இரகங்களை வெளியிட்டது. 2017இல் ஏரி வண்டலை உழவர் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளத் தமிழக அரசு வழி செய்தபோது, தம் பாட்டனார் வண்டி கட்டிச் செய்த வேலையைப் பேரர்கள் டிராக்டரில் செய்தனர்.