சாகுபுரம்: சுற்றுச்சூழல் உரிமை
தூத்துக்குடி மாவட்டத்தில் ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்துக்கும் அருகே, உப்பளங்களை ஒட்டி எழுந்த ஆலைக் குடியிருப்பு. 1950களின் இறுதியில் டி.சி.டபிள்யூ. நிறுவனம் அமைத்த காஸ்டிக் சோடா ஆலையே ஊரை உருவாக்கியது. பெயர் சாகு ஜெயின் குடும்பத்தால் வந்தது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிச் சோடாவையும் குளோரினையும் பிரிப்பது இத்தொழில். அதன் பழைய முறையில் பாதரசமே எதிர்மின்வாய். பாதரசமோ நஞ்சு: ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் பாதரசம் கலந்த மீனை உண்டு முதலில் நலிந்தவர்கள் மீனவக் குடும்பத்தார். நஞ்சும் ஏற்றத்தாழ்வு பார்த்தே இறங்குகிறது. 2013இல் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை, பாதரச மின்வாய் முறையைக் கைவிட 2025ஐக் கெடுவாக வைத்தது. இந்தியா 2018இல் ஏற்புறுதி அளித்தது. சாகுபுரம் ஆலையின் கழிவு குறித்துக் காயல்பட்டினத்தார் நெடுநாள் முறையிட்டு வந்துள்ளனர். தூய சூழலை மனித உரிமையாக ஐ.நா. பொதுச்சபை ஏற்றது 2022 ஜூலை 28இல்தான்: 161 நாடுகள் ஆதரித்தன, சட்டக் கட்டாயம் மட்டும் இல்லை.