தெற்காசிய ஒன்றிணைவு: ஊவா மலையிலிருந்து ஒரு வரலாறு

தெற்காசிய நாடுகளை அரசியலாலும் வணிகத்தாலும் ஒன்றாக்கும் முயற்சியை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் 1985 இல் பிறந்த சார்க் அமைப்பிலிருந்து தொடங்குகின்றன. இலங்கையின் ஊவா மலையில் வெலிமடை, பண்டாரவளை, பசறைத் தோட்டங்களில் வாழும் தமிழருக்கு இந்தக் கதை அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது.

அவர்களின் முன்னோர் ஒரே பேரரசுக்குள் கடல் கடந்து வந்தவர்கள். தமிழகக் கரையிலுள்ள மண்டபம் கேம்ப்பில் தங்கவைத்துச் சோதித்த பிறகே ஆட்களைக் கப்பலேற்றினார்கள். 1914 இல் தனுஷ்கோடி–தலைமன்னார் ரயில்–கப்பல் வழி திறந்தது. 1924 இல் ரயில் பாதை பதுளையைத் தொட்டது. இன்று எந்த ஒப்பந்தமும் தராத போக்குவரத்து அப்போது இருந்தது. ஆனால் அது உழைப்பைக் கொண்டுவருவதற்காகப் போட்ட வழி. வந்தவர்களின் உரிமையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

சுதந்திரம் வந்ததும் அந்தக் குறை வெளிப்பட்டது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றிருந்தது. அடுத்த ஆண்டே நிறைவேறிய பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949 இல் வாக்குரிமையும் போனது.

1954 ஏப்ரலில் இலங்கைப் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் பிரதமர்களைக் கொழும்புக்கு அழைத்தார். இந்தியாவின் நேருவும் பர்மாவின் ஊ நூவும் அமர்ந்த அந்த மாநாடுதான் மறு ஆண்டின் பாண்டுங் ஆசிய–ஆபிரிக்க மாநாட்டுக்கு வழிவகுத்தது. ஆசிய ஒற்றுமை பற்றிக் கொழும்பில் பேசப்பட்ட அதே ஆண்டின் ஜனவரியில், தோட்டத் தமிழரின் குடியுரிமை குறித்து நேருவும் கொத்தலாவலவும் செய்த உடன்பாடு எந்தத் தீர்வையும் தராமல் போனது.

தீர்வு என்று அடுத்து வந்தது 1964 அக்டோபர் 30 அன்று இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. யாரைப் பற்றிய ஒப்பந்தமோ அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. தோட்டக் குடியிருப்பு வரிசையான ஒரே லயத்தில் அண்ணன் இந்தியாவுக்கு எழுதிக்கொடுப்பார். தம்பி இலங்கைக்கு எழுதிக்கொடுப்பார். இந்தியா பாஸ்போட் கிடைத்த குடும்பம் தகரப்பெட்டியோடு ரயிலேறித் தலைமன்னார் போய், மறுபடி மண்டபம் கேம்ப்பில் இறங்கும். அவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968 இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அதுவே பின்னாளில் டேன்டீ நிறுவனம் ஆனது. 1984 இல் போர்ச்சூழலால் கப்பல் நின்றபோது, இந்தியப் பிரஜைகளாகிவிட்ட பல குடும்பங்கள் போக வழியின்றி லயங்களிலேயே தங்கிவிட்டன.

சார்க் உருவானது இதே காலத்தில்தான். வங்கதேச அதிபர் ஸியாவுர் ரஹ்மான் 1980 இல் முன்வைத்த யோசனை மீது ஏழு நாடுகளின் வெளிவிவகாரச் செயலாளர்கள் 1981 ஏப்ரலில் முதன்முதலாகக் கூடியது கொழும்பில். 1985 டிசம்பர் 8 அன்று டாக்காவில் சாசனம் கையெழுத்தானது. 1987 இல் காத்மாண்டுவில் செயலகம் திறந்தது. எல்லா முடிவும் ஏகமனதாக இருக்கவேண்டும், இருதரப்புப் பிணக்குகளைப் பேசவே கூடாது என்கிறது சாசனத்தின் பத்தாம் உறுப்புரை. இந்தியாவையும் பாகிஸ்தானையும் ஒரே மேசையில் அமர்த்த அது தேவைப்பட்டது. அதற்கான விலை பெரிது: காஷ்மீரும், பாக்கு நீரிணை மீனவரும், மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையும் அந்த மேசைக்கு வரவே முடியாமல் போயின. நாடற்றவர்களுக்கான முடிவு கடைசியில் இலங்கை நாடாளுமன்றத்தில், 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டத்தில்தான் வந்தது. 1964 அக்டோபர் 30 முதல் நிரந்தரமாக இங்கே வாழ்ந்தவர்களுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் அது பிரஜாவுரிமை தந்தது.

மக்களை ஒதுக்கிவிட்டுச் சரக்கைப் பேசுவது எளிதாக இருந்தது. சார்க் நாடுகளிடையே 1993 இல் சப்டா, 2004 இல் சப்டாவை விஞ்சும் சாஃப்டா என வணிக ஒப்பந்தங்கள் வந்தன. 1998 இல் இந்தியாவும் இலங்கையும் தனியாக ஒரு சுதந்திர வர்த்தக உடன்படிக்கை செய்துகொண்டன. ஆனாலும் தெற்காசிய நாடுகள் தமக்குள் செய்யும் வணிகம் அவற்றின் மொத்த வணிகத்தில் சுமார் 5 வீதத்தில்தான் நிற்கிறது. ஆசியான் நாடுகளிடையே அது ஏறத்தாழ 25 வீதம்.

ஏன் அப்படி என்பதற்கு வெலிமடையின் வயல் நல்ல சான்று. நெல் அறுத்த அதே வயலில் உருளைக்கிழங்கு போடுகிறார்கள். செலவில் பெரும்பங்கு விதைக்கிழங்குக்கே போகிறது. அறுவடை நேரத்தில் இந்தியாவிலிருந்தோ பாகிஸ்தானிலிருந்தோ மலிவான கிழங்கு இறங்கினால் போட்ட முதலே தேறாது. அதனால் ஒவ்வொரு போகத்திலும் இறக்குமதிக் கிழங்கு மீதான விசேட வியாபாரப் பண்ட அறவீடு என்ற வரியைக் கூட்டும்படி விவசாயிகள் கேட்கிறார்கள். விலை ஏறினால் குறைக்கும்படி நகரத்தார் கேட்கிறார்கள். சிறு விவசாயிக்கு ஈடு எதுவும் சொல்லாத வணிக ஒப்பந்தத்தை அவர் எதிர்ப்பது நியாயமே.

சார்க் தலைவர்கள் கடைசியாகக் கூடியது 2014 நவம்பரில், காத்மாண்டுவில். காஷ்மீரின் உரியில் இந்திய இராணுவ முகாம் மீது நடந்த தாக்குதலுக்குப் பின் 2016 இஸ்லாமாபாத் மாநாடு கைவிடப்பட்டது. பாகிஸ்தான் இல்லாத, வங்காள விரிகுடா நாடுகளின் பிம்ஸ்டெக் அமைப்பின் பக்கம் இந்தியா திரும்பியது. அதன் சாசனம் 2022 மார்ச் 30 அன்று இலங்கை தலைமையேற்ற கொழும்பு மாநாட்டில் கையெழுத்தானது. ஆயினும் அதே ஆண்டு ஜனவரியில், டொலர் வற்றிப்போன இலங்கைக்கு இந்திய ரிசர்வ் வங்கி 40 கோடி டொலர் கொடுத்தது சார்க் நாணயப் பரிமாற்றத் திட்டத்தின் கீழ்தான்.

2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினம்–காங்கேசன்துறை பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. மலையக மக்கள் வந்ததும் போனதுமான தலைமன்னார் கடல்வழி 1984 இல் மூடப்பட்டபடியே இருக்கிறது. இரு அரசுகளும் அடுத்த ஒப்பந்தத்தில் முதலில் திறக்கவேண்டியது அதைத்தான்.