மதீராவில் குளிர்காலம்

வட ஐரோப்பாவில் பனிக்காலம் வருமுன்னரே, வசதியுள்ள குடும்பங்கள் வெயிலுள்ள ஒரு தீவைத் தேர்ந்து, விடுதியும் பயணச் சீட்டும் ஏற்பாடு செய்து, டிசம்பரில் புறப்பட ஆயத்தமாவது இன்று சர்வசாதாரணமான வழக்கம். அந்த வழக்கத்தின் பூர்வோத்தரத்தை ஆராய்கிறவர்கள், அதன் வேரில் உல்லாசத்தைவிட மரணபயமே மிகுதியாக இருப்பதைக் காண்பார்கள். அட்லாண்டிக் சமுத்திரத்தில், லிஸ்பன் நகருக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் தொலைவில், போர்த்துகல் நாட்டுக்குரியதாய் விளங்கும் மதீரா என்னும் எரிமலைத் தீவு, குளிர்காலத்தைக் கழிப்பதற்கென்றே அன்னியர் நாடிச்சென்ற தலங்களுள் மிகப் பழமையானவற்றில் ஒன்று. அங்கே அவ்வாறு முதலில் திரளாகப் போனவர்கள் க்ஷயரோகிகள்.

ஆழ்கடலின் அடித்தளத்திலிருந்து எரிமலைக் குழம்பு பொங்கிப் பொங்கி உறைந்து, பல லட்சம் ஆண்டுகளில் நீர்மட்டத்துக்கு மேலே எழுந்து நின்றதே இத்தீவு. 57 கிலோமீட்டர் நீளமும் 22 கிலோமீட்டர் அகலமுமே உள்ள இச்சிறு நிலப்பரப்பில் பிக்கோ ரூய்வோ என்னும் சிகரம் 1,862 மீட்டர் உயரத்துக்கு ஓங்கி நிற்கிறது என்றால், நிலம் எவ்வளவு செங்குத்தானது என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். மனிதர் குடியேறிய காலத்தில் எரிமலை ஒருபோதும் கனன்றதில்லை. ஆயினும் அது விட்டுச்சென்ற மலைத்தொடரே தீவின் சீதோஷ்ணத்தை நிர்ணயிக்கிறது. வடகிழக்கிலிருந்து வீசும் ஈரக்காற்றை அம்மலை தடுத்து, மழையை வடபுறத்தில் இறக்கிவிடுவதால், தென்கரையில் ஒரு வட்டரங்கின் வடிவில் சரிந்திறங்கும் ஃபுன்ஷால் நகரம், வாடைக்கு மறைவாய், நாளெல்லாம் சூரியனை நோக்கியவண்ணம் இருக்கிறது. லண்டன் மாநகரம் குளிரில் மூழ்கிக்கிடக்கும் ஜனவரி மாதத்திலும் இங்கே பகலில் 19 அல்லது 20 டிகிரி வெப்பம் நிலவும். இரவில் அது 13 டிகிரிக்குச் சற்று ஏறக்குறைய இருக்கும்.

1419ஆம் ஆண்டில் ஜுவான் கொன்சால்வெஸ் ஸார்க்கோ, திரிஷ்தாவ் வாஸ் தெய்ஷெய்ரா என்னும் போர்த்துக்கீசிய மாலுமிகள் இத்தீவை அடைந்தபோது, அங்கே மனிதர் எவரும் இல்லை. கடலோரம் வரை அடர்ந்த காடே இருந்தது. வந்தவர்கள் காட்டை எரித்தும் வெட்டியும் நிலமாக்கி, முதலில் கரும்பும் பின்னர் திராட்சையும் பயிரிட்டார்கள். சமநிலமே இல்லாத நாட்டில் பயிர் செய்வதற்காக, எரிமலைக் கருங்கல்லை அடுக்கிச் சுவரெழுப்பி, மண்ணைச் சுமந்துகொண்டுபோய் நிரப்பி, மலைச்சரிவுகளில் படிப்படியாகப் பாத்தி அமைத்தவர்கள் குடியானவர்களும் அடிமைகளுமே ஆவர். வடபுறத்து மழைநீரைத் தென்புறத்து வயல்களுக்குக் கொண்டுவருவதற்காகப் பாறையைக் குடைந்தும், பாதாளத்தை ஒட்டிய விளிம்புகளில் தொங்கிக்கொண்டு செதுக்கியும் அவர்கள் வெட்டிய 'லெவாடா' என்னும் வாய்க்கால்கள், நூற்றாண்டுதோறும் பெருகி, இன்று 2,000 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கின்றன.

திராட்சை மதுவின் வியாபாரமே ஆங்கிலேயரை இத்தீவுக்கு அழைத்துவந்தது. இந்தியாவுக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் ஃபுன்ஷாலில் தங்கி, குடிநீரோடு மதுப்பீப்பாய்களையும் ஏற்றிக்கொண்டன. உஷ்ணமண்டலக் கடலின் வெம்மையில் மாதக்கணக்காக அலைக்கழிந்த மது மேலும் சுவை கூடிற்று என்று கண்டு, அதற்காகவே பீப்பாய்களைக் கப்பலில் அனுப்பித் திரும்பப் பெறும் வியாபாரிகளும் இருந்தனர். சென்னைக் கோட்டையிலும் கல்கத்தாவிலும் இருந்த வெள்ளைக்காரர்களின் விருந்து மேஜையில் மதீரா மது நீங்காத இடம் பெற்றிருந்தது. நெப்போலியனோடு நடந்த யுத்தங்களின்போது பிரிட்டிஷ் துருப்புகள் 1801இலும், மீண்டும் 1807 முதல் 1814 வரையிலும் தீவில் முகாமிட்டிருந்தமையால் இவ்வுறவு மேலும் இறுகிற்று. பின்னாளில் நோயாளிகள் நம்பிக்கையோடு வந்திறங்குவதற்கு வேண்டிய ஆங்கில வைத்தியரும், ஆங்கிலம் அறிந்த கடைக்காரரும், தங்குவதற்குரிய தோட்ட வீடுகளும் இங்ஙனம் ஏற்கெனவே அமைந்துவிட்டன.

க்ஷயரோகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் பணக்காரர், ஏழை என்ற பேதமின்றி இளம் உயிர்களைக் கொள்ளை கொண்டிருந்தது. நோயின் காரணம் எவருக்கும் தெரியாது; மருந்தும் கிடையாது. இந்நிலையில், காற்றை மாற்றினால் நோய் தணியும் என்ற கொள்கை வைத்தியர்களிடையே வேரூன்றிற்று. ரோமாபுரியில் ஆங்கிலக் கவிஞர் கீட்ஸுக்கு அந்திமக் காலத்தில் வைத்தியம் பார்த்தவரும், பிற்காலத்தில் விக்டோரியா மகாராணியின் வைத்தியராக உயர்ந்தவருமான ஜேம்ஸ் கிளார்க், சீதோஷ்ணத்தால் நோயைத் தடுப்பது, தணிப்பது பற்றி 1829இல் ஒரு நூலை வெளியிட்டு, அதில் மதீராவை உயர்த்திப் பேசினார். 1851இல் ராபர்ட் ஒயிட் வெளியிட்ட மதீரா வழிகாட்டி நூலோ, நோயாளிகளுக்கும் யாத்திரிகர்களுக்கும் வேண்டிய வைத்தியத் தகவல்கள் அடங்கியது என்று தன் தலைப்பிலேயே அறிவித்துக்கொண்டது.

அக்காலத்தில் ஒரு குளிர்காலத்துக்குத் திட்டமிடுவது என்பது, ஒரு குடும்பத்தின் செல்வத்தையும் நிம்மதியையும் ஒருங்கே பணயம் வைப்பதாகும். இலையுதிர்காலத்தில் தீவை அடைந்து, வசந்தம் முற்றும் வரை ஏழெட்டு மாதங்கள் தங்கவேண்டும். நோயாளியோடு தாயோ சகோதரியோ, தாதியோ, வேலைக்காரர்களோ உடன் வரவேண்டும். பிஸ்கே வளைகுடாவின் கொந்தளிப்பைத் தாங்க இயலாமல் வழியிலேயே தளர்ந்தவர்கள் உண்டு. நோய் முற்றிய நிலையில் அனுப்புவது வீண் என்று வைத்தியர்களே எச்சரித்தும், நம்பிக்கை கைவிட்ட பிறகு பிறக்கும் கடைசி நம்பிக்கையாக மதீரா இருந்தமையால், காலங்கடந்து புறப்பட்டவர்களே அநேகர். ஃபுன்ஷாலில் உள்ள ஆங்கிலேயர் இடுகாட்டின் கல்வெட்டுகளில், இருபதும் இருபத்தைந்தும் வயதுடையவர்களின் பெயர்கள் அடுத்தடுத்து வருவது அதற்குச் சாட்சி.

வந்தவர்கள் 'கிந்தா' என்று அங்கே வழங்கும் தோட்ட மாளிகைகளை, மேஜை நாற்காலிகளோடும் சமையற்காரர்களோடும் பருவம் முழுமைக்கும் வாடகைக்குப் பிடித்தார்கள். செங்குத்தான வீதிகளில் சக்கர வண்டி ஓடாது. ஆகையால், ஒரு கழியில் தூளி கட்டி, அதில் நோயாளியைப் படுக்கவைத்து, முன்னும் பின்னும் ஒருவராக இருவர் தோளில் சுமந்துசெல்வது வழக்கமாயிற்று. சக்கரமற்ற மரச்சட்டத்தின்மேல் கூண்டு அமைத்து, கூழாங்கல் பாவிய தெருக்களில் காளைகள் இழுத்துச்செல்லும் சறுக்கு வண்டிகளும் நூற்றாண்டின் நடுவில் தோன்றின. இரும முடியாமல் சோர்ந்திருந்த ஒரு வாலிபரை, வெறுங்காலோடு மலையேறும் இருவர் தோட்டம் தோட்டமாகத் தூக்கிச்சென்று வெயில் காட்டினார்கள் என்பதில், அந்தத் தீவின் பொருளாதாரம் முழுவதும் அடங்கியிருந்தது.

அரச குடும்பங்களும் இந்த யாத்திரையை மேற்கொண்டன. பிரேசில் நாட்டின் முதற் சக்கரவர்த்தி பெத்ரோவின் புதல்வி மரியா அமேலியா, க்ஷயம் கண்டு, தாயாரோடு 1852 ஆகஸ்டில் ஃபுன்ஷாலுக்கு வந்தார். 1853 பிப்ரவரி 4ஆம் தேதி, இருபத்தொரு வயதில், அங்கேயே உயிர் நீத்தார். தன் ஒரே மகளைப் பறிகொடுத்த அந்தத் தாய், அவள் பெயராலேயே ஏழை க்ஷயரோகிகளுக்கென ஓர் ஆஸ்பத்திரியை நிறுவி, 1862இல் அதற்குரிய கட்டடத்தையும் பூர்த்தி செய்தார். செல்வர்கள் தங்கள் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வந்த தீவில், தீவுக்குரிய ஏழைகளும் அதே நோயால் மடிகிறார்கள் என்பதைக் கண்திறந்து பார்த்த விருந்தினர்களுள் அவர் தலையாயவர். அந்த ஆஸ்பத்திரியின் கட்டடம் இன்றும் ஃபுன்ஷாலில் நிற்கிறது.

மரியா அமேலியாவை மணப்பதாக இருந்த ஆஸ்திரிய இளவரசர் மாக்ஸிமிலியனின் அண்ணி, எலிசபெத் சக்கரவர்த்தினி, 1860 நவம்பரில், அரண்மனை வாழ்க்கையால் தேகமும் மனமும் நைந்த நிலையில் இத்தீவுக்கு வந்தார். துறைமுகத்துக்கு மேலே, பாறைமுகட்டில் இருந்த கிந்தா விஜியா என்னும் மாளிகையில் 1861 ஏப்ரல் வரை வசித்தார். ஐரோப்பாவின் பத்திரிகைகள் அவருடைய வாசத்தைப் பற்றி எழுதிய செய்திகள், நோயாளிகளின் புகலிடமாக மட்டுமே அறியப்பட்டிருந்த தீவை நாகரிகமான உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தன. தேகாரோக்கியத்துக்கென்று சொல்லி, மன ஆறுதலுக்காகப் போவது என்ற புதிய நியாயம் அப்போது பிறந்தது எனலாம்.

ஆனால், அன்னியர் உயிர்பிழைக்க வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், தீவின் மக்கள் உயிர்பிழைக்க வெளியேறிக்கொண்டிருந்தார்கள். நாற்பதுகளில் உருளைக்கிழங்கு நோயால் பஞ்சம் வந்தது; ஐம்பதுகளின் தொடக்கத்தில் திராட்சைக் கொடிகளைச் சாம்பல் நோய் அழித்தது; 1856இல் காலரா ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது; 1872இல் வேர்களைத் தின்னும் பூச்சி மிஞ்சிய கொடிகளையும் தாக்கிற்று. 1835 முதலே மதீராவின் ஏழைகள் பிரிட்டிஷ் கயானாவின் டெமராராவுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். மூன்றாண்டுகள் கழித்து, 1838இல், நம் இந்தியத் தேசத்து ஒப்பந்தக் கூலிகள் போய் இறங்கியதும் அதே கரையில்தான். அன்னியரிடமிருந்து வந்த வருமானம் எஞ்சியிருந்தவர்களுக்கு ஓர் ஊன்றுகோல் ஆயிற்று என்பதையும் மறுப்பதற்கில்லை. மது வியாபாரி ஒருவரின் மகளான எலிசபெத் ஃபெல்ப்ஸ், தீவுப் பெண்களின் பூத்தையலை இங்கிலாந்தில் விற்பதற்கு வழி செய்தார். அக்கைத்தொழில் இன்றளவும் பல குடும்பங்களைக் காக்கிறது.

1882இல் ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் கோக், க்ஷயரோகத்துக்கு ஒரு கிருமியே காரணம் என்று நிரூபித்தார். அதற்கு முன்பே, ஸ்விட்சர்லாந்தின் தாவோஸ் போன்ற உயர்ந்த மலைத்தலங்களின் உலர்ந்த குளிர்காற்றே நல்லதென்ற கொள்கை பரவத் தொடங்கியிருந்தது; மதீராவின் இதமான ஈரக்காற்று வைத்தியர்களின் மதிப்பில் தாழ்ந்தது. ஒரு சாஸ்திரம் பொய்த்தவுடன் அதை நம்பி எழுந்த ஊரும் அழிந்திருக்கவேண்டும். ஆனால், வாடகை வீடுகளும், தோட்டங்களும், வழிகாட்டிகளும், விருந்தோம்பும் பழக்கமும் தயாராக இருந்தமையால், நோயாளிகள் விட்டுச்சென்ற இடத்தை ஆரோக்கியமுள்ளவர்கள் நிரப்பினார்கள்.

இம்மாறுதலைத் தன் வாழ்க்கையிலேயே காட்டியவர் வில்லியம் ரீட். ஸ்காட்லாந்தில் வறிய குடும்பத்தில் பிறந்து, 1836இல் பதினான்கு வயதுச் சிறுவராகத் தீவுக்கு வந்த அவர், நோயாளிகளுக்குக் கிந்தாக்களை வாடகைக்கு அமர்த்திக்கொடுப்பதைத் தொழிலாக்கிப் பொருள் ஈட்டி, பிறகு விடுதிகள் நடத்தி, கடலை நோக்கிய பாறைமுனையில் ஒரு பெரிய ஹோட்டலைக் கட்டத் தொடங்கினார். 1888இல் அவர் காலமாகவே, புதல்வர்கள் பணியை முடித்து 1891இல் அதைத் திறந்தார்கள். தென்னாப்பிரிக்கா செல்லும் நீராவிக் கப்பல்கள் ஃபுன்ஷாலில் நின்று சென்றதால், சௌதாம்ப்டனிலிருந்து சில தினங்களில் இங்கே வந்துவிடலாம் என்ற நிலை ஏற்பட்டது. 1893இல் மோந்தே என்னும் மலைக்கிராமத்தை நோக்கிப் பல்சக்கர ரயில் ஏறத் தொடங்கிற்று. மலைவாசிகள் நகருக்கு இறங்குவதற்குப் பயன்படுத்திய பிரம்புச் சறுக்கு வண்டி விருந்தினர்களின் விளையாட்டாயிற்று. பெர்னார்ட் ஷா ரீட் குடும்பத்தாரின் ஹோட்டலில் தங்கித்தான் வயது முதிர்ந்த காலத்தில் டாங்கோ நடனம் பயின்றார். 1950 ஜனவரியில் வின்ஸ்டன் சர்ச்சில் வந்து, காமரா தெ லோபோஸ் என்னும் மீனவர் துறையில் அமர்ந்து ஓவியம் தீட்டினார்.

எனினும், மதீராவின் குளிர்காலம் எல்லாருக்கும் ஒன்றாக இருந்ததில்லை. அரசிழந்த ஆஸ்திரியச் சக்கரவர்த்தி கார்ல், 1921 நவம்பரில் மனைவியோடு இங்கே நாடுகடத்தப்பட்டார். கைப்பொருள் கரைந்தபின், நகரத்து வெயிலில் வீடெடுக்க வழியின்றி, இலவசமாகக் கிடைத்த மோந்தேயின் மலைவீட்டுக்குக் குடிபெயர்ந்தார். கீழே வெயில் காயும் நாளிலும் மேலே மேகம் வந்து சூழும் அவ்விடத்தில், ஈரம் கசியும் அறைகளில் நிமோனியா கண்டு, 1922 ஏப்ரல் 1ஆம் தேதி, முப்பத்துநான்காம் வயதில் மறைந்தார். மோந்தே மாதா ஆலயத்திலே அவர் சமாதி இருக்கிறது. தீவு முழுவதும் நித்திய வசந்தம் என்று எண்ணிப் புறப்படுகிறவர்கள் சிந்திக்கவேண்டிய செய்தி இது: சில நூறு மீட்டர் உயரம் ஒரு பருவத்தையே மாற்றிவிடும்.

1949 முதல் கடல்விமானங்கள் சௌதாம்ப்டனிலிருந்து துறைமுகத்து நீரில் வந்திறங்கின. 1964இல் மலைக்கும் கடலுக்கும் இடையே 1,600 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதையோடு விமான நிலையம் திறக்கப்பட்டது. 1977 நவம்பரில் அந்தக் குறுகிய ஓடுபாதையில் இறங்கிய விமானம் ஒன்று விபத்துக்குள்ளாகி 131 உயிர்கள் பலியாயின. அதன்பின் பாதை நீட்டப்பட்டு, 2000ஆம் ஆண்டில் கடலோரத்தில் நாட்டிய பெருந்தூண்களின்மேல் 2,781 மீட்டராக விரிந்தது. அரசகுலத்தாரும் பெருவணிகரும் மட்டுமே கனவு காணக்கூடியதாயிருந்த குளிர்காலத்து வெயில், ஒரு வாரம் விடுப்பெடுக்கும் ஆசிரியருக்கும் குமாஸ்தாவுக்கும் கிட்டுவதாயிற்று. மனித சமூகம் பெற்ற நன்மைகளில் இதையும் ஒன்றாக நான் தயக்கமின்றிக் கருதுகிறேன். ஓய்வு என்பது பிணியாளருக்கும் பிரபுக்களுக்கும் உரிய தனிச்சலுகையாக நீடித்திருக்கலாகாது.

இன்று அங்கே செல்பவர்கள் பெரிதும் விரும்புவது லெவாடா வாய்க்கால்களின் ஓரமாக நடந்து, 1999இல் உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட ஆதிக் காட்டினுள் புகுவதாகும். அவர்கள் கால்வைக்கும் ஒவ்வோர் அடியும், கயிற்றில் தொங்கிப் பாறையைப் பிளந்த பெயர் தெரியாத ஒருவரால் அமைந்தது. அவர்கள் தங்கும் விடுதியின் தொழில், பிழைக்கமாட்டோம் என்று அறிந்தும் பிழைக்க ஆசைப்பட்டு வந்த இளையோரால் தோன்றியது. அவர்களுக்கு உணவு பரிமாறுகிறவரின் முன்னோர், கூலியாகக் கடல் கடந்தவர்களின் உடன்பிறந்தாராக இருத்தல் கூடும். ஆகவே, குளிர்காலப் பிரயாணத்துக்குத் திட்டமிடுகிறவர்கள், கட்டணத்தையும் காலநிலையையும் விசாரிப்பதோடு, அந்த மண் எவருடைய துயரத்தாலும் எவருடைய உழைப்பாலும் விருந்தினருக்குத் தகுதியாயிற்று என்பதையும் விசாரித்து அறிந்துகொள்வது கடமையாகும். அந்த அறிவோடு போகிறவரே, தாம் போகும் ஊருக்கு உண்மையான விருந்தாளி ஆவார்.