தமனிக்குள் தவறிச் செல்லும் ஊசிமருந்து: சிகிச்சை வரலாறு

சிரைக்குள் செலுத்த வேண்டிய மருந்து தற்செயலாகத் தமனிக்குள் சென்றால் கையோ காலோ அழுகி இழக்க நேரிடலாம். சிரை இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டு செல்வதால் அதில் சேரும் மருந்து வழியிலேயே நீர்த்துவிடும். தமனி விரல் நுனியை நோக்கிச் செல்வதால் மருந்து செறிவு குறையாமல் நுண்குழாய்களை அடைந்துவிடும். முழங்கை மடிப்பில் இவ்விரண்டும் அருகருகே உள்ளன. சிலருக்குத் தமனி தோலை ஒட்டியே அமைந்திருக்கும்.

தையோபென்டால் தந்த பாடம்

தையோபென்டால் என்னும் மயக்க மருந்து 1934-இல் அமெரிக்காவில் அறிமுகமானது. விரைவாக உறக்கம் தந்ததால் பல நாடுகளுக்கும் பரவியது. அது தமனிக்குள் சென்றால் நேரும் ஆபத்தை 1943-இல் ஆக்சுபோர்டு மயக்கவியல் பேராசிரியர் இராபர்ட் மேக்கின்டோசும் ஹேவொர்த்தும் லான்செட் இதழில் எழுதி எச்சரித்தனர். ஊசி போட்டதும் கையில் கடும் எரிச்சல் தோன்றும், விரல்கள் வெளிறும், நாடித் துடிப்பு மறையலாம்.

தமனி சுருங்குவதே முதன்மைக் காரணம் என்று முதலில் கருதப்பட்டது. காரத்தன்மை மிகுந்த இம்மருந்து இரத்தத்தில் படிகங்களாகப் பிரிந்து நுண்குழாய்களை அடைப்பதை 1960களின் ஆய்வுகள் காட்டின. அடைபட்ட இடத்தில் இரத்தம் உறைகிறது. செறிவு கூடினால் சேதமும் கூடும் என்பதால் 5 விழுக்காட்டுக் கரைசல் கைவிடப்பட்டு 2.5 விழுக்காட்டுக் கரைசல் வழக்கமானது.

சிகிச்சை முறைகள்

தவறு தெரிந்ததும் ஊசியை உருவிவிடத் தோன்றும். ஆனால் மருந்தை நிறுத்திவிட்டு, ஊசியை அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்பதே மருத்துவர்கள் கற்ற முதல் விதி. பாதிக்கப்பட்ட தமனிக்குள் மாற்று மருந்தைச் செலுத்த அதுவே நேர்வழி. அதன் வழியே உப்புநீரும், தமனியை விரிக்கும் பாப்பவரின் போன்ற மருந்துகளும் செலுத்தப்பட்டன. இரத்த உறைவைத் தடுக்க ஹெப்பாரின் தரப்பட்டது. கழுத்திலுள்ள நரம்பு முடிச்சை மரக்கச் செய்து தமனியின் சுருக்கத்தைத் தளர்த்தினர். வீக்கம் மிகுந்தால் தசையுறையைக் கீறிவிடுவர். உறைவைக் கரைக்கும் மருந்துகளும் ஐலோபுரோஸ்டும் பின்னர் சேர்ந்தன. எந்த முறையும் கையைக் காப்பாற்றும் என்ற உறுதி இல்லை.

தடுப்பே முதன்மை

2000-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் தலைவலியும் குமட்டலும் கொண்ட இசைக்கலைஞர் ஒருவருக்குப் புரோமெத்தசின் ஊசி போடப்பட்டது. மருந்து தமனியை அடைந்ததால் கை அழுகி, முன்கை அகற்றப்பட்டது. மருந்தின் எச்சரிக்கைக் குறிப்பு போதாது என்று அவர் தொடுத்த வழக்கில், 2009 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 பெரும்பான்மையில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அந்நாட்டு மருந்து ஆணையம் அம்மருந்துக்குக் கட்டமிட்ட கடும் எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது.

ஊசி போடும்போது கடுமையாக எரிகிறது என்று நோயாளி சொன்னால் உடனே நிறுத்த வேண்டும் என்பது இன்றும் மாறாத விதி.