வளர்ப்பு நரம்பணுக்கள்: ஏ.எல்.எஸ். நோய் ஆய்வில்

நோயாளியின் தோல் அல்லது இரத்தச் செல்களை ஆய்வகத்தில் நரம்பணுக்களாக மாற்றி, அவற்றில் மருந்துகளைச் சோதிக்கும் முறை. நோய் தாக்கும் நரம்பணுக்களைக் காண, உயிரோடிருப்பவரின் தண்டுவடத்தை வெட்டிப் பார்க்க இயலாது. இறந்தபின் கிடைக்கும் திசுவிலோ நோய் தன் வேலையை முடித்திருக்கும்.

இயக்க நரம்பணுக்களை அழித்து, கடைசியில் மூச்சுத் தசைகளையும் முடக்கும் ஏ.எல்.எஸ். நோய்க்கு நெடுங்காலம் சுண்டெலியே சோதனைக்களம். எஸ்.ஓ.டி.1 மரபணுப் பிறழ்வு 1993இல் கண்டறியப்பட்டது. மறு ஆண்டே அப்பிறழ்வு கொண்ட எலி உருவானது. அந்த எலிகளின் ஆயுளை நீட்டித்த மினோசைக்ளின், 412 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டபோது நலிவை விரைவுபடுத்தியது. 2007இல் வந்த அந்த முடிவு பெருந்துயரம். நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு நோய் குடும்ப வழியில் வருவதில்லை; அவர்களின் நோயையும் ஒற்றைப் பிறழ்வு எலியால் காட்ட முடியவில்லை.

கியோட்டோவில் ஷின்யா யமனாகா குழு 2006இல் எலிச் செல்களையும் 2007இல் மனிதத் தோல் செல்களையும் எந்த உறுப்புச் செல்லாகவும் மாறவல்ல நிலைக்குத் திருப்பியது. அடுத்த ஆண்டே ஹார்வர்டின் கெவின் எகன், கொலம்பியாவின் கிறிஸ்டோபர் ஹென்டர்சன் ஆகியோரின் குழுக்கள், ஏ.எல்.எஸ். கண்ட 82 வயதுப் பெண்மணியின் தோலிலிருந்து இயக்க நரம்பணுக்களை உருவாக்கின. நோயாளியின் மரபணுவையே சுமந்த நரம்பணு முதன்முதலாக ஆய்வாளர் கைக்கு எட்டியது.

2014இல் இத்தகைய நரம்பணுக்கள் அளவுமீறித் துடிப்பதும், வலிப்பு மருந்தான ரெட்டிகபின் அதைத் தணிப்பதும் தெரிந்தன. பின்னர் 65 நோயாளிகளிடம் நடந்த சோதனையிலும் அந்தத் துடிப்பு தணிந்தது. ஆய்வகத் தட்டில் கண்ட விளைவு மனித உடலிலும் தென்பட்டதே இதன் சிறப்பு; நோய் நின்றுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை.

கெயோ பல்கலைக்கழகத்தில் ஹிதேயுகி ஒகானோ குழு 1,232 மருந்துகளைச் சலித்து, பார்க்கின்சன் மருந்தான ரோப்பினிரோலைத் தேர்ந்தது. குடும்ப வழியில் நோய் வராதவர்களின் செல்களையும் சேர்த்துச் சோதித்தது அக்குழுவின் பெரிய பலம். அவற்றில் பெரும்பாலானவை மருந்துக்கு இணங்கின. தொடர்ந்து 20 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முதல் 24 வாரங்களில் செயல்திறன் மதிப்பெண்ணில் போலி மருந்துக் குழுவோடு வேறுபாடு காணவில்லை. நீட்டிப்புக் கட்டத்தில் நலிவு தாமதமானது. சிறிய சோதனை என்பதால் இதை உறுதியான வெற்றியாகக் கொள்ள முடியாது.

முறையின் பெருங்குறை முதுமை தொடர்பானது. செல்லைப் பின்னோக்கித் திருப்பும்போது அதன் வயதும் அழிகிறது. 82 வயதுப் பெண்மணியின் செல்லிலிருந்து பிறக்கும் நரம்பணு கருவிலுள்ள சிசுவின் நரம்பணுவை ஒத்திருக்கும். ஏ.எல்.எஸ். பெரும்பாலும் நடுவயதுக்குப் பின் வருவது. ஆகவே இடைநிலையைத் தவிர்த்துத் தோல் செல்லை நேரடியாக நரம்பணுவாக மாற்றும் வழியையும் ஆய்வாளர்கள் கையாளுகின்றனர். அதில் முதுமையின் தடயங்கள் பெருமளவு எஞ்சுகின்றன.