ஈயைக் கூப்பிடும் துணி

மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால், கினி வளைகுடாவில் கிடக்கும் சின்னத் தீவு ப்ரின்சிப்பே. நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே கொக்கோ தோட்டங்களில் பாடுபட்டவர்களில் பெரும்பாலோர் அங்கோலாவிலிருந்து பிடித்து வரப்பட்ட ஒப்பந்தக் கூலிகள். ஒப்பந்தம் காகிதத்தில்தான்; ஊர் திரும்பியவர்கள் அபூர்வம். இந்த அநியாயம் அம்பலமாகி, 1909இல் கேட்பரி முதலான ஆங்கிலக் கம்பெனிகள் போர்ச்சுகீசியர் வசமிருந்த அந்தத் தீவுகளின் கொக்கோவை வாங்க மறுத்தன. கூலிகளைக் கொன்றது உழைப்பு மட்டுமல்ல. ட்செட்சி என்கிற ஈ கடித்துப் பரப்பிய தூக்க வியாதியும் சேர்ந்து கொன்றது.

மால்டொனாடோ என்று ஒரு தோட்டக்காரர். இந்த ஈ கறுப்பாக அசைவதைத் தேடி வருகிறது என்பதைக் கவனித்தார். கறுப்புத் துணியில் பசையைப் பூசிக் கூலிகளின் முதுகில் கட்டிவிட்டார். அவர்கள் பாட்டுக்குக் குனிந்து வேலை பார்க்க, கடிக்க வந்த ஈ முதுகில் ஒட்டிக்கொண்டது. கூலியையே இரையாக வைத்த ஏற்பாடு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அது வேலை செய்தது. கூடவே சதுப்பு நிலங்களை வடித்தார்கள், புதர்களை வெட்டினார்கள், திரிகிற பன்றிகளையும் நாய்களையும் கொன்றார்கள். 1914 வாக்கில் தீவில் ட்செட்சி இல்லை. 1956இல்தான் திரும்பவும் தலைகாட்டியது.

கடிக்கிற பூச்சி என்றால் நமக்குத் தெரிந்த வழி விரட்டுவது. சாயங்காலம் மாட்டுத் தொழுவத்தில் மூட்டம் போடுவோம், வேப்பெண்ணெய் தடவுவோம், ஓடோமாஸ் பூசுவோம். ப்ரின்சிப்பேயில் பிறந்த துணி நேரெதிர் வேலையைச் செய்தது. வா என்று கூப்பிட்டது. அதற்குப் பிறகு அது கைமாறிய ஒவ்வொரு இடத்திலும், ஈக்கு என்ன பிடிக்கும் என்று பொறுமையாகப் பார்த்தவர்கள்தான் அதை மேம்படுத்தினார்கள்.

தென்னாப்பிரிக்காவின் ஜூலூலாந்தில் 1930களில் ஹாரிஸ் என்பவர் மனித முதுகை விட்டுவிட்டு, துணியையே மிருகம் மாதிரி கட்டித் தொங்கவிட்டார். ட்செட்சி மாட்டின் அடிவயிற்றுப் பக்கம்தான் போகும். அதனால் கீழே திறப்பு. உள்ளே புகுந்த ஈ வெளிச்சத்தை நோக்கி மேலே ஏற, அங்கே ஒரு கூண்டு. அந்தக் காலத்தில் ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் ஈக்குத் தீனி கிடைக்கக்கூடாது என்று காட்டு மிருகங்களை ஆயிரக்கணக்கில் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதற்கு இந்தப் பொய் மிருகம் எவ்வளவோ மேல். ஆனால் உலகப் போர் முடிந்ததும் டிடிடி வந்தது. விமானத்திலிருந்து தெளித்தார்கள். துணி மூலைக்குப் போனது.

அதைத் திரும்ப வெளியே எடுத்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர்கள். ஷாலியே, க்ளாட் லவிஸியேர் இருவரும் 1973இல் ஒரு கூம்புப் பொறியை அறிமுகப்படுத்தினார்கள். வாயோடு வாய் வைத்த இரண்டு கூம்புகள். கீழ்க்கூம்பு துணி, அதில் நான்கு வாசல், உள்ளே கறுப்புத் தடுப்பு. மேல்கூம்பு கொசுவலை, உச்சியில் ஒரு குடுவை. கீழ்க்கூம்பு முதலில் வெள்ளையாகத்தான் இருந்தது. நிறத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, 1977இல் நீலத்துக்கு வந்தார்கள். பிடிபடும் ஈ ஏகத்துக்குக் கூடியது.

ஏன் நீலம்? ஆப்பிரிக்காவில் நீல நிற மாடு கிடையாது. நிழலென்று நினைத்து ஒதுங்க வருகிறது என்றுதான் பலரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2023இல் வேல்ஸைச் சேர்ந்த ரோஜர் சான்டர் குழுவினர், ஈயின் கண் அனுப்பும் சமிக்ஞைகளைக் கணினியில் அமைத்த செயற்கை நரம்பு வலைப்பின்னலுக்குக் கொடுத்து இலை எது, மிருகம் எது, நிழல் எது என்று பிரிக்கப் பழக்கினார்கள். நீலத் துணியைக் காட்டியபோது அது மிருகம் என்று தப்புக் கணக்குப் போட்டது. ஆக, ஈயும் சாப்பாடு என்று நம்பித்தான் வருகிறது போலிருக்கிறது. ஈக்குப் புற ஊதாவும் தெரியும், நமக்குத் தெரியாது. அதனால் ஜவுளிக்கடையில் ஒரே நீலமாகத் தெரியும் பருத்தியும் பாலியஸ்டரும் ஈக்கு இரண்டு வேறு நிறங்கள். துணியைத் தேர்வு செய்வதில் பொறி போடுகிறவர்கள் பலமுறை சறுக்கியது இங்கேதான்.

செரங்கெட்டி, மசாய் மாரா என்று சஃபாரி போகிற தமிழர்கள் இப்போது அதிகம். அங்கேயும் ட்செட்சி உண்டு; நீல ஜீன்ஸையும் கறுப்புச் சட்டையையும் விடுதியிலேயே வைத்துவிடுங்கள். காக்கி அல்லது மங்கல் பழுப்பு, கொஞ்சம் கனமான துணியில் முழுக்கை. மெல்லிய துணியாக இருந்தால் அதன் மேலேயே கடித்துவிடும். பூச்சு மருந்துகளை ட்செட்சி அவ்வளவாக மதிப்பதில்லை.

ஜிம்பாப்வேயில் கிளின் வேல் நிறத்தோடு வாசனையையும் சேர்த்தார். மாடுகளைப் பூமிக்கடியில் குழியில் நிறுத்தி, காற்றை மட்டும் குழாய் வழியே வெளியே விட்டுப் பார்த்தார். மாடு கண்ணுக்குத் தெரியவில்லை, ஈ வந்தது. மனித வாடைக்கோ சவன்னா புல்வெளியில் வாழும் ட்செட்சிகள் விலகிப் போயின. மாட்டின் மூச்சிலும் மூத்திரத்திலும் இருக்கும் பொருள்களைப் பிரித்தெடுத்து, மருந்தில் நனைத்த துணியோடு காட்டில் வைத்தார்கள். சதுர கிலோமீட்டருக்கு நாலு துணி போதும் என்றானது. காரணம், ட்செட்சி முட்டை போடுவதில்லை. ஒன்பது பத்து நாளைக்கு ஒருமுறை ஒரே ஒரு புழுவை ஈனும். இப்படி மெதுவாகப் பெருகுகிற இனத்தில் தினம் நூற்றுக்கு நாலு பெண் ஈ கூடுதலாகச் செத்தாலே வம்சம் அற்றுவிடும்.

ஆற்றோர ட்செட்சிக்கு அவ்வளவு பெரிய துணிகூட வேண்டாம் என்று பிறகு தெரிந்தது. இப்போதுள்ளது அரை மீட்டர் நீளம், கால் மீட்டர் அகலம். பாதி நீலத் துணி, பாதி மருந்தேறிய கறுப்பு வலை, குச்சியில் கட்டி ஆற்றங்கரையில் ஐம்பது மீட்டருக்கு ஒன்று. நீலத்தைப் பார்த்து வரும் ஈ வட்டமடிக்கும்போது வலையில் இடிக்கும். கொஞ்ச நேரத்தில் விழுந்துவிடும். வட உகாண்டாவில் இதனால் ஈ நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குறைந்தது. 1998இல் ஆப்பிரிக்கா முழுக்கப் பதிவான தூக்க வியாதிக்காரர்கள் கிட்டத்தட்ட 40,000 பேர். 2018இல் ஆயிரத்துக்கும் கீழே. நோயாளிகளைத் தேடிப் போய் மருந்து கொடுத்ததற்குத்தான் இதில் பெரிய பங்கு. துணிக்கும் ஒரு பங்கு உண்டு.

துணி அதற்குள் கடலும் தாண்டிவிட்டது. கென்யாவில் ஆராய்ச்சி செய்த ஸ்டீவ் மிஹோக், நீலமும் கறுப்பும் வலையும் சேர்ந்த முக்கோணப் பொறி ஒன்றை வடிவமைத்து 2002இல் வெளியிட்டார். பெயர் ‘ன்ஸி’, சுவாஹிலியில் ஈ. அது ட்செட்சியோடு மாட்டு ஈ, குதிரை ஈ வகையறாக்களையும் வாரிப் பிடித்தது. கனடாவிலும் வேலை செய்தது. அதே வருஷம் ஃப்ளோரிடாவில் ரஸ்ஸல் மிசெல் என்ற பூச்சியியலாளர், தலையைச் சுற்றி மொய்த்துக் கடிக்கும் மான் ஈக்கு ஒரு வழி சொன்னார். நீலப் பிளாஸ்டிக் பூந்தொட்டியைக் கவிழ்த்துப் பசை தடவி, மெதுவாகப் போகும் வண்டியில் வைப்பது. அதன் சின்ன வடிவம், தொப்பியின் உச்சியில் மாட்டிய பசைக் கோப்பை. இன்று அமெரிக்காவில் அதை மாட்டிக்கொண்டு புல் வெட்டுகிறவர்களையும் காட்டில் நடக்கிறவர்களையும் பார்க்கலாம். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அசைகிற, உயரமான, நீலமான பொருளைத்தான் மான் ஈ முதலில் தேடும். கொசுவுக்கு இது உதவாது. அங்கோலாக் கூலிக்குக் கட்டிவிட்டது, இங்கே தானே விரும்பி மாட்டிக்கொள்வது. வித்தியாசம் அவ்வளவும் அதில்தான்.

நம் நாட்டில் ட்செட்சி கிடையாது. மாட்டு ஈ தாராளமாக உண்டு. அது பரப்புகிற சர்ரா நோய்க் கிருமியை கிரிஃபித் எவன்ஸ் 1880இல் கண்டுபிடித்தது இன்று பாகிஸ்தானில் இருக்கும் தேரா இஸ்மாயில் கானில், இந்தியக் குதிரைகளையும் ஒட்டகங்களையும் சோதித்தபோதுதான். மழைக்காலத்தில் மாடுகளுக்கு இன்றும் அது வருகிறது. ன்ஸி பொறியின் அளவுகளை யார் வேண்டுமானாலும் தைத்துக்கொள்ளும்படி மிஹோக் இலவசமாகக் கொடுத்திருக்கிறார். தேவை கொஞ்சம் நீலத் துணி, கறுப்புத் துணி, கொசுவலை, ஒரு தையல்காரர். நம் கால்நடைத் துறை நாலு கிராமத்தில் தைத்து நட்டுப் பார்க்கலாம்.