பேசக்கூடாத வெந்நீர்ப் பாறை

இந்த எபிசோட்ல ஒரு சிக்கல். நான் போன இடத்துல பார்த்ததை வெளியே சொல்லக்கூடாதுங்கறது அங்க விதி. போனதோ ஒரு பாட்காஸ்ட் ஆளு.

ஜப்பானின் வடகிழக்குல, யமகதா மாகாணத்துல ஹகுரோ, கஸ்ஸான், யுதோனோன்னு மூணு புனித மலைகள். யுதோனோவில் இருக்கிற ஷின்டோ ஆலயத்தோட கருவறைக்குக் கட்டடமே கிடையாது. செம்பழுப்பு நிறத்துல ஒரு பெரிய பாறை, அதுல ஊறி வழியற வெந்நீர். அதுதான் சாமி. இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரிஞ்ச தகவல், அதனால சொல்றேன்.

செருப்பைக் கழட்டணும். நமக்கு இது பழக்கம்தான், ஆனா மத்த ஷின்டோ ஆலய வளாகங்கள்ல ஷூவோடயே நடப்பாங்க. மனுஷ வடிவத்துல வெட்டின காகிதம் ஒண்ணு தருவாங்க. அதை உடம்புல தடவி, ஊதி, தண்ணியில விடணும். போட்டோ கூடாது. ரெக்கார்டரை அணைச்சுப் பைக்குள்ள போட்டேன். அதுக்கப்புறம் நடந்தது எனக்கும் பாறைக்கும் நடுவுல.

'பேசாதே, கேட்காதே' ரொம்பப் பழைய விதி. 1689-ல கவிஞர் பாஷோ இங்க வந்தார். தன் வடக்குப் பயணத்தை எழுதினவர், இந்த மலையைப் பத்தி விவரம் சொல்ல அனுமதி இல்லைன்னு மட்டும் குறிச்சுட்டு தூரிகையைக் கீழே வெச்சுட்டார்.

எனக்கு முக்கியமாப் படறது 1868. அதுவரைக்கும் யுதோனோவோட தெய்வத்தை மகாவைரோசன புத்தராவும் கும்பிட்டாங்க. ஷுகெண்டோங்கற மலைத்துறவிகள் மரபுல ரெண்டும் ஒண்ணுதான். மெய்ஜி அரசு சாமியையும் புத்தரையும் பிரிக்க ஆணை போட்டது. 1872-ல ஷுகெண்டோவுக்கே தடை. பல ஊர்கள்ல புத்தர் சிலைகளை உடைச்சாங்க, மண்டபங்களை இடிச்சாங்க. யுதோனோவோட சேர்ந்த சூரென்ஜி, தைனிச்சிபோ கோயில்கள் பௌத்தத்துலயே நின்னுடுச்சு. ஆனா பாறையில எதை இடிக்கிறது? தூக்கிட்டுப் போகச் சிலை இல்ல, பூட்டக் கதவு இல்ல. வழிபாட்டு முறைதான் மாறுச்சு. வெந்நீர் அது பாட்டுக்கு ஊறிட்டிருந்தது.

இதைக் கேட்டா அழகான கதை மாதிரி இருக்கும். நான் முழுசா ஏத்துக்கல. எதையும் வெளியே சொல்லாத மரபுல, சொல்லித்தர்ற குருவை நிறுத்திட்டா என்ன மிஞ்சும்? டாக்குமென்டேஷன் இல்லாத கோடை எழுதின ஆளை வேலையை விட்டு அனுப்பின மாதிரிதான். பாறை தப்பிச்சது. அதுக்கு முன்னாடி நின்ன மனுஷங்களோட அறிவுல எவ்வளவு போச்சுன்னு கணக்கெடுக்கக்கூட வழியில்ல.

வெளியே வந்ததும் வெந்நீர்ல கால் நனைக்க ஒரு தொட்டி இருக்கு. பக்கத்துல உக்காந்திருந்த ஒரு பாட்டி எந்த ஊருன்னு கேட்டாங்க. உள்ளே எப்படி இருந்ததுன்னு கேட்கல.

குளிர்காலத்துல பனி மூடி வழியை அடைச்சிடுவாங்க, அதுக்கு முன்னாடி போங்க. உள்ளே என்ன பார்த்தேன்னு மட்டும் மெசேஜ்ல கேட்காதீங்க.